மேலே, கீழே, திரும்ப: தொடர்புப் பலகையோடு ஒரு நீர்ச்சுழற்சிப் பாடம்

நீர்ச்சுழற்சிக்கு ஒரு தொடர்புப் பலகை, அதாவது வாயால் பேச முடியாத பிள்ளைகள் படத்தைத் தொட்டுப் பேசும் பலகை, செய்ய உட்கார்ந்தால், கை தானாகவே பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களைத் தேடிப் போகும். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு, வழிந்தோடுதல், ஊடுருவல், நீராவிப்போக்கு. ஆறு படம், ஆறு கட்டம், ஒரு தாள். லேமினேட் செய்துவிட்டால் வேலை முடிந்தது போலவே இருக்கும்.

அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் என்னவெல்லாம் பேச முடியும் என்று பாருங்கள். நான் கேட்கும் கேள்விக்கு ஒரு பெயரைத் தொட்டுக் காட்டலாம். அவ்வளவுதான். "அது எங்கே போச்சு?" என்று கேட்க முடியாது. "இன்னும் சூடு வேணும்", "நிறுத்து", "நீ சொன்னது தப்பு" எதுவும் முடியாது. பேச்சுக்குப் பதிலாகக் கருவியை நம்பியிருக்கும் பிள்ளைக்கு நாம் கொடுத்த பலகையில் இல்லாத சொல், அந்த வகுப்பில் அவருக்கு இல்லாத சொல்தான்.

அதனால் இந்தப் பாடத்தைத் தலைகீழாகக் கட்டினேன். முதலில் அன்றாடச் சொற்கள். அந்தச் சொற்களால் ஒரு சோதனை நடக்க வேண்டும். நடந்ததைப் பார்த்த பிறகுதான் அறிவியல் பெயர்கள். என் குழுவில் ஒருவர் டேப்லெட்டை விரலால் தொட்டுப் பேசுவார். ஒரு மாணவி கண் அசைவைப் படிக்கும் கருவி வைத்திருக்கிறாள். இன்னொருவருக்குத் தலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்விட்ச். திரையில் வரிசை வரிசையாக ஒளி நகரும், வேண்டிய இடத்தில் அவர் அழுத்துவார். மற்ற இருவர் அச்சிட்ட பலகை. அதில் ஒருவருக்குப் பார்வைக் குறைபாடும் உண்டு.

பலகை

ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். மேல் நான்கு வரிசையில் எந்தப் பாடத்துக்கும் மாறாத 24 சொற்கள்: போ, வா, மாறு, சேர், விழு, பார், நிறுத்து, செய், மேலே, கீழே, உள்ளே, வெளியே, சூடு, குளிர், பெரிய, சின்ன, இன்னும், திரும்ப, இல்லை, எங்கே, ஏன், நான், நீ, அது. அடி வரிசை மட்டும் கழற்றி மாட்டும் பட்டை. இந்தப் பாடத்துக்கு அதில் தண்ணீர், ஆவி, மேகம், மழை, கடல், மண். "ஆமாம்" என்பதற்கு எல்லாரிடமும் ஏற்கெனவே ஒரு தலையசைப்போ கண் சிமிட்டலோ இருந்ததால் அதற்குக் கட்டம் செலவழிக்கவில்லை. "போதும்", "பிடிக்கல" இரண்டும் பலகையின் ஓரத்தில் தனியாக ஒட்டியிருக்கின்றன. எந்தப் பாடமானாலும் அவை அங்கேயே இருக்கும்.

ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகளில், அன்றாடப் பேச்சின் சுமார் 80 சதவீதம் ஒரு சில நூறு சொற்களிலேயே நடந்துவிடுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தமிழில் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஒட்டிக்கொள்வதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அடிப்படை யோசனை செல்லும். நீர்ச்சுழற்சி முழுவதையும் இந்த 30 கட்டங்களுக்குள் சொல்லிப் பார்த்தேன்:

"தண்ணீர் சூடு, மேலே போ." ஆவியாதல்.
"ஆவி குளிர், மாறு தண்ணீர்." ஆவி சுருங்குதல்.
"சின்ன சேர் பெரிய. பெரிய கீழே விழு." மழை.
"மழை மண் உள்ளே போ." ஊடுருவல்.
"திரும்ப." சுழற்சி.

எழுதிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். "ஆவியாதல்" என்ற ஒற்றைக் கட்டத்தை அழுத்துபவரைவிட, "தண்ணீர் சூடு மேலே போ" என்று சொல்பவருக்கு நிகழ்வு அதிகம் புரிந்திருக்கிறது. காரணம், திசை, விளைவு மூன்றும் அதில் இருக்கின்றன.

பலகையில் வினைச்சொல் எல்லாம் வேர்ச்சொல்லாகவே இருக்கும். "ஆவி மேலே போ" என்று மாணவர் சொன்னால், "ஆமாம், ஆவி மேலே போகுது" என்று நான் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்வேன். "சரியாகச் சொல்லு" என்று கேட்பதில்லை. டேப்லெட் வைத்திருப்பவருக்கு மட்டும் இன்னொரு பக்கத்தில் "இருந்து", "ஆல்", "க்கு" என்று சில உருபுகளைத் தனிக் கட்டங்களாகப் போட்டிருக்கிறேன். "கடல் இருந்து மேலே" என்று ஒட்டவைக்க அவருக்கு ஆசை. மற்றவர்களுக்கு இப்போதைக்கு அது கூடுதல் பாரம்.

வண்ணம் வழக்கமான முறைதான்: ஆட்களைக் குறிக்கும் சொல் மஞ்சள், வினை பச்சை, தன்மைச் சொல் நீலம், பெயர் ஆரஞ்சு. படங்களுக்கு ஸ்பெயின் நாட்டின் அரகோன் மாநில அரசு இலவசமாகக் கொடுக்கும் அராசாக் படத்தொகுப்பை எடுத்தேன். வணிக நோக்கமில்லாமல், எடுத்த இடத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். எழுத்தில்லாத படமாக இறக்கிக்கொண்டு தமிழை நாமே அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படத்தொகுப்பை அப்படியே நம்பவும் கூடாது. பல தொகுப்புகளில் மேகமும் மழையும் கிட்டத்தட்ட ஒரே படமாக இருக்கும்: மேகம், மேகத்தின் கீழே இரண்டு துளி. சிறிய கட்டத்தில் வேறுபாடு தெரியாது. மழைக்கு மேகத்தை வெட்டிவிட்டுச் சாய்கோடுகளாக விழும் துளிகளை மட்டும் வைத்தேன். "ஆவி"க்குத்தான் ரொம்ப யோசித்தேன். வழக்கமான படம், பாத்திரத்துக்கு மேலே வளைந்து எழும் வெள்ளைக் கோடுகள். நாம் கண்ணால் பார்க்கும் அந்த வெண்புகை ஆவியே அல்ல; ஏற்கெனவே குளிர்ந்து நுண்துளியாக மாறிய தண்ணீர். நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பொருளுக்குப் படம் எப்படிப் போடுவது? கடைசியில் புள்ளிக்கோட்டால் வரைந்த ஒரு வெற்று வட்டம் வைத்தேன். "இங்கே இருக்கு, ஆனா தெரியல" என்று நான் சொல்வதற்கு அது தோதாக இருந்தது.

தொட்டுணர்ந்து படிக்கும் மாணவருக்கு மேகம் என்றால் பஞ்சை ஒட்டிக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்றவர்களுக்குப் பஞ்சு ஒரு படம்; கண் தெரியாத பிள்ளைக்கு அதுதான் மேகம். மேகம் உலர்ந்தது, மெத்தென்றிருப்பது, கையில் பிடிக்கலாம் என்று அந்த விரல்கள் கற்றுக்கொண்டுவிடும். மேகம் ஈரம். தெளிப்பான் போத்தலில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, மிக நுண்ணிய சாரலாக அவர் புறங்கையின் மேல் காற்றில் விட்டு, "மேகம்" என்று சொன்னேன். தொடு அடையாளமாக, அந்தத் தெளிப்பானின் விசைப்பிடியைப் போன்ற ஒரு துண்டைப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அடையாளம் பொருளைப் போலவே இருக்க வேண்டியதில்லை, பொய் சொல்லாமல் இருந்தால் போதும்.

பெட்டி

தேவையானவை சாதாரணப் பொருள்கள். ஒளி ஊடுருவும் ஆழமான பிளாஸ்டிக் பெட்டி, கூழாங்கற்களும் களிமண்ணும், ஒட்டும் பிளாஸ்டிக் தாள், ஐஸ் கட்டி போட்ட பை, உணவு நிறமி, வெப்பமானி, கறுப்பு அட்டை, டார்ச்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் களிமண்ணால் சரிவு, அதன் உச்சியில் ஒரு குழி. மறுபக்கத்தில் நீல நிறமி கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், அதுதான் கடல். மூடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, மலை உச்சிக்கு நேர்மேலே ஐஸ் பையை வைத்தால் பாரத்தில் தாள் அங்கே லேசாகத் தொங்கும். துளிகள் அந்தப் பள்ளத்துக்கு வழிந்து வந்து, சேர்ந்து, மலைமேல் சொட்டும். தட்டையான மூடி என்றால் துளிகள் அங்கங்கே அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், மழை வரவே வராது.

தண்ணீர் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் போதும். கொதிநீர் ஊற்றினால் வேகமாக நடக்கும்தான். ஆனால் சுட்டால் கையை இழுத்துக்கொள்ள முடியாத, சுடுகிறது என்று சட்டென்று சொல்லவும் முடியாத பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். வெப்பமானியில் பார்த்து, என் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் அவர்களுக்குப் பெட்டியின் வெளிச்சுவரைத் தொடக் கொடுத்தேன். உள்ளே யாரும் கை விடவில்லை.

பெட்டிக்குப் பின்னால் கறுப்பு அட்டை, பக்கவாட்டில் டார்ச். இந்த இரண்டும் இல்லாவிட்டால் துளிகள் தெரிவதே சிரமம். இருந்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னும். மலைக்குழியில் அலுமினியத் தாளை விரித்துவைத்தேன். துளி விழும்போது 'டக்' என்று கேட்கும். பார்வை குறைந்த மாணவருக்காக வைத்தது, ஆனால் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தார்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது தனி வேலை. சக்கர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு மேசைமேல் இருக்கும் பெட்டியின் அடிப்பக்கம்தான் தெரியும். ஒவ்வொருவர் கண் மட்டத்துக்கும் ஏற்றி இறக்க, உயரம் மாற்றக்கூடிய தாங்கி தேவை. கண் அசைவுக் கருவி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெட்டி திரையை மறைத்தால் பேச்சு போய்விடும். திரை பெட்டியை மறைத்தால் பாடம் போய்விடும். திரைக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகப் பெட்டியை வைப்பதுதான் ஒத்துவந்தது. அந்தக் கருவிகள் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் நேரடி வெயில் பட்டால் கண்ணைத் தவறவிடும். ஜன்னலோரம் வேண்டாம். டேப்லெட்டுகளை ஜிப் வைத்த ஒளி ஊடுருவும் பைக்குள் போட்டுவிட்டேன். தொடுதிரை பைக்கு மேலிருந்தே வேலை செய்யும். ஒலி மட்டும் கொஞ்சம் மட்டுப்படும்.

சொல் சொன்னால் நடக்க வேண்டும்

ஆற்றை ஓடவைக்க ஒரு சின்ன பம்பும் வெயிலுக்கு ஒரு எல்.இ.டி. விளக்கும் வைத்து ஸ்விட்சில் இணைக்கலாமே என்று முதலில் தோன்றும். இரண்டையும் சேர்க்கவில்லை. பம்ப் வைத்தால் தண்ணீரை மேலே தூக்குவது மோட்டார் என்று ஆகிவிடுகிறது. எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், தண்ணீரைச் சூடாக்கும் அளவுக்கு வெப்பம் தராது. ஸ்விட்சைத் தட்டினால் ஏதோ ஒன்று அசைகிறது என்பதற்காகத் தவறான அறிவியலைக் காட்டுவதில் அர்த்தமில்லை.

அதற்குப் பதில் மாணவர்களின் சொற்களே பெட்டியை இயக்கின. யாராவது "சூடு" என்றால் நான் வெந்நீர் ஊற்றுவேன். "குளிர்" என்றால் ஐஸ் பை வரும். "மேலே" என்று சேர்த்தால்தான் பை தாளின் மேல் போகும். வெறும் "குளிர்" என்றால் பையைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். முகத்தில் எதுவும் காட்டக் கூடாது, அதுதான் கஷ்டம். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "மேலே" என்பார்.

காற்றுக்கு மட்டும் ஸ்விட்ச் வைத்தேன், அங்கே அது உண்மையாகவே வேலை செய்கிறது. பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்று. மெல்லிய பிளாஸ்டிக் துண்டின் இரு பக்கமும் செப்புத் தகடு ஒட்டி, ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஒரு கம்பி எடுத்து 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட்டில் பற்றவைத்தால் இணைப்பி தயார். அதைப் பேட்டரிக்கும் அதன் தொடுமுனைக்கும் நடுவில் செருகி, விசிறியின் சொந்த பட்டனை ஆன் நிலையில் விட்டுவிட வேண்டும். மாணவரின் ஸ்விட்சை சாக்கெட்டில் செருகி அழுத்தினால் சுற்று மூடி விசிறி ஓடும். தள்ளி வைக்கும் பழைய வகை பட்டன் இருக்கும் விசிறியாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டால் ஆன் ஆகும் மின்னணு பட்டன் என்றால் மின்சாரம் ஒருமுறை போய் வந்ததும் அது ஆஃபிலேயே நிற்கும். ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருக்க முடியாதவருக்கு நடுவில் ஒரு டைமர் சேர்க்க வேண்டும். இதெல்லாம் பேட்டரிக்கு மட்டும். சுவர் மின்சாரத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

சோதனை எளிது. கரும்பலகையில் ஈரத்துணியால் ஒரே அளவில் இரண்டு ஈரத் திட்டு. ஒன்றுக்கு நேராக விசிறி, மற்றது சும்மா. எது முதலில் போகும் என்று கேட்டுவிட்டு, தலை ஸ்விட்ச் வைத்திருப்பவரிடம் விசிறியைக் கொடுத்தேன். அவர் விட்டு விட்டு ஓட்டினார். திட்டு சுருங்கச் சுருங்க மற்றவர்கள் "இன்னும்", "இன்னும்" என்று அவரை ஏவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் "நிறுத்து" என்றார், தான் சொன்ன திட்டு தோற்கிறது என்று. காற்று வீசினால் ஆவியாதல் வேகமாகும் என்பதை நான் வாய் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பேசும் வேகம்

ஒற்றை ஸ்விட்ச் ஸ்கேனிங்கில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எல்லா ஆசிரியருக்கும் நல்லது. ஒளி முதலில் வரிசை வரிசையாக நகரும்; வரிசையை அழுத்தித் தேர்ந்ததும் அதற்குள் கட்டம் கட்டமாக நகரும். ஒவ்வொரு படியிலும் 2 வினாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வரிசையில் சராசரியாக மூன்று படி, ஆறு கட்டத்தில் மூன்றரைப் படி, ஆகச் சொல்லுக்குச் சுமார் 13 வினாடி. கடைசி வரிசையின் கடைசிக் கட்டம் என்றால் 22 வினாடி. நான்கு சொல் வாக்கியத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம், அதுவும் ஒரு அழுத்தம்கூடத் தவறாவிட்டால். பாடச் சொற்கள் இருக்கும் பட்டையை மேலே வைக்காமல் அடியில் வைத்த காரணம் இதுதான்: அடிக்கடி வேண்டிய சொற்களுக்கு ஒளி முதலில் வர வேண்டும்.

இந்த வேகத்தோடு பொருந்துகிற பாடம் நீர்ச்சுழற்சி. ஐஸ் வைத்துச் சில நிமிடம் கழித்துத்தான் தாள் மங்கும், இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் துளி விழும். வழக்கமான வகுப்பில் ஆசிரியருக்கு அந்த இடைவெளி சங்கடமாக இருக்கும், எதையாவது பேசி நிரப்பத் தோன்றும். இங்கே அதுதான் மாணவர் வாக்கியம் கட்டும் நேரம். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு, மனத்துக்குள் எண்ணிக்கொண்டு காத்திருக்க நான் பழகிக்கொண்டேன்.

காத்திருக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் நான் பேசும்போதெல்லாம் சுவரில் மாட்டிய பெரிய பலகையில் சொற்களைத் தொட்டுக்கொண்டே பேசினேன். "பார்" தொட்டு, "மேலே" தொட்டு, "தாளுக்கு மேலே பாரு, மங்குது". மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தன்னுடைய மொழியில் யாரும் தன்னிடம் பேசாமல் ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொள்ளாது. இவர்களுக்கு அந்த மொழி பலகையில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதியாகத் தவிர்க்க வேண்டும்: அவர்கள் கையைப் பிடித்து நாமே கட்டத்தை அழுத்தவைப்பது. அப்போது வருவது அவர்கள் விடையல்ல, நம்முடையது.

பெட்டியருகே

தாள் மங்கி நன்றாகத் துளிகள் கட்டியபின் ஓரத்தை விலக்கி உள்ளே காட்டினேன். டேப்லெட்டில் பேசுபவர் "வெளியே போ" என்றார். இதில் என்ன புரிந்துகொள்வது? அவருக்கு வெளியே போக வேண்டுமா, ஆவி வெளியே போகிறதா? சுற்றியிருந்த பெரியவர்கள் "வெளியே கூட்டிட்டுப் போகணும்போல" என்று நாற்காலியின் பிரேக்கை எடுக்கப் போனார்கள். "நீயா?" என்று கேட்டு நிறுத்தினேன். பிறகு "அதுவா?" என்று பெட்டியைக் காட்டினேன். இரண்டாவதற்குக் கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் தானாகவே "அது வெளியே போ. இல்லை மழை" என்று சேர்த்தார். மூடி திறந்தால் ஆவி தப்பிவிடும், மழை வராது. மூடிய அமைப்பு, திறந்த அமைப்பு என்று பாடநூல் ஒரு பத்தி எழுதுவதை நான்கைந்து கட்டத்தில் சொல்லிவிட்டார். கருவியில் பேசுபவரின் முதல் இரண்டு சொல்லை வைத்து நாமே முடிவுக்கு வருவதைப் போல வேறெதுவும் அவர்களை வாயடைக்காது.

கண் அசைவு மாணவி வேறு இடத்தைப் பிடித்தாள். துளிகள் மலைக்குழியில் சேர்ந்திருந்தன. அவள் தன் கருவியில் நிறங்கள் பக்கத்துக்குப் போய், "நீலம் எங்கே" என்றாள். கடல் நீலம், மழை நிறமற்றது. நான் சொல்லித்தரத் திட்டமிட்டிருந்ததே இல்லை. நிறமியைப் போட்டது வெறும் பார்வை வசதிக்காக. தண்ணீர்தான் ஆவியாகிறது, கரைந்திருப்பது கீழேயே நின்றுவிடுகிறது. கடலிலிருந்து எழுந்த மழை உப்புக் கரிக்காததற்கும் அதுவே காரணம். "நீலம் மேலே போ இல்லை" என்று பலகையில் தொட்டுச் சொன்னேன். அவள் திரும்பவும் கடலைப் பார்த்தாள், திரும்பவும் குழியைப் பார்த்தாள்.

துளிகள் சேர்வதைத் தாளிலேயே பார்க்கலாம். டார்ச் ஒளியில் பக்கத்துப் பக்கத்துத் துளிகள் திடீரென்று ஒன்றாகி, பாரம் தாங்காமல் வழிந்து ஓடும். "சின்ன சேர் பெரிய" என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. மேகத்தில் மிதக்கும் துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர், மழைத்துளி சுமார் 2 மில்லிமீட்டர். விட்டத்தில் 100 மடங்கு, கன அளவில் 10 லட்சம் மடங்கு. ஒரே ஒரு மழைத்துளிக்குப் பத்து லட்சம் மேகத்துளி வேண்டும் என்று சொன்னபோது "இன்னும் இன்னும் இன்னும்" என்று ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு அழுத்தினாரா, பத்து லட்சத்தைச் சொன்னாரா தெரியாது. இரண்டுமே சரி என்று விட்டுவிட்டேன்.

மேகம் உருவாகத் தூசி வேண்டும் என்பதற்கு ஜாடிச் சோதனை: அடியில் வெந்நீர், மேலே ஐஸ் வைத்த மூடி, நடுவில் அணைத்த தீக்குச்சியின் புகை கொஞ்சம். புகைத்துகளைப் பற்றிக்கொண்டு வெண்மூட்டம் கட்டும். புகை இல்லாத ஜாடியைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூச்சுவிடக் கழுத்தில் குழாய் பொருத்தியிருப்பவர், ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள். நான் வேறு இடத்தில் செய்து வீடியோ எடுத்து வந்தேன், வீடியோவை நிறுத்தும் அதிகாரத்தை ஸ்விட்ச் மாணவரிடம் கொடுத்தேன்.

நீராவிப்போக்குக்கு, அதாவது இலை வழியே நீர் ஆவியாக வெளியேறுவதற்கு, ஒரு செடி. அதன் இலைக்கொத்தை ஒளி ஊடுருவும் பைக்குள் விட்டுக் கட்டி வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் பைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அதைக் காலை, மதியம், மாலை படமெடுத்து டேப்லெட்டில் ஏற்றிவிட்டேன். கண் கருவியை வெயிலுக்குக் கொண்டுபோகாமலே அந்த மாணவிக்கும் கிடைத்தது.

வட்டம் இல்லை

அம்புக்குறிகளோடு வட்டமாக வரையும் படம் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாத் துளியும் ராட்டினம்போல ஒரே சுற்றில் வருகின்றன என்று அது சொல்கிறது. கடலிலிருந்து ஆவியாகும் நீரில் சுமார் 90 சதவீதம் மழையாகத் திரும்பக் கடலிலேயே விழுகிறது. மலையைப் பார்ப்பதே இல்லை. வளிமண்டலத்தில் ஒரு நீர் மூலக்கூறு சராசரியாக 9 நாள்தான் தங்கும். கடலில் அது சுமார் 3,000 ஆண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட புதிய நீர்ச்சுழற்சிப் படத்தில் அணைகள், பாசனம், நகரங்கள், மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் நீர் எல்லாம் வந்துவிட்டன. வட்டம் மறைந்து பல கிளைப் பாதைகள் ஆகிவிட்டன.

இதை ஓர் ஆட்டமாக்கினேன். ஸ்விட்சால் சுழலும் முள் சக்கரம். கடல், மேகம், மண் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வட்டத் தாள், அதில் ஆறு பங்கு. கடல் தாளில் நான்கு பங்கில் "நிறுத்து", இரண்டில் "மேலே போ". மேகத் தாளில் எல்லாமே "கீழே விழு", பெரும்பாலும் கடலுக்கு. மண் தாளில் "உள்ளே போ", "கடல் போ", "மேலே போ" கலந்து வரும். ஒவ்வொருவரும் ஒரு துளி. சுழற்றி, வந்த இடத்தைத் தன் பலகையில் சொல்லி, நகர வேண்டும். கடலில் மாட்டிக்கொண்ட மாணவி சுழற்றுகிறாள், "நிறுத்து". மறுபடி "நிறுத்து". "ஏன்" என்று கேட்டாள். 3,000 ஆண்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். "பிடிக்கல" என்று பதில் வந்தது. அந்தக் கட்டம் பலகையில் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.

அடுத்தடுத்து ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பதிவு செய்த வாக்கியங்களை வரிசையாகச் சொல்லும் பட்டன் கருவியை இந்தப் பாடத்தில் ஓரங்கட்டினேன், அதுவும் அதே மாறாத வட்டம்தான். அழுத்த அழுத்த நீர்ச்சுழற்சியை அது அழகாக ஒப்பிக்கும். ஒப்பிப்பது பட்டன், மாணவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பதில் "மேலே", "கீழே" என்று இரண்டே பட்டன் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் அவர் யோசித்தாக வேண்டும்.

எப்படித் தெரியும்

"இதில் ஆவியாதல் எது?" என்று நான்கு படம் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒருமுறை சரியாக வரும். நான் பெட்டியை வேண்டுமென்றே தவறாக வைத்தேன். உள்ளே குளிர்ந்த தண்ணீர், ஐஸ் பை பெட்டிக்கு அடியில். எதுவும் நடக்கவில்லை. "மழை ஏன் வரல?" என்று மட்டும் கேட்டேன்.

"சூடு இல்லை" என்றார் ஒருவர். "குளிர் மேலே" என்றாள் கண் மாணவி. ஸ்விட்ச் மாணவரின் திரையில் ஒளி ஊர்ந்தது. "நீ", பிறகு "மாறு", பிறகு "அது". சரி, நான்தான் மாற்ற வேண்டும். மாற்றினேன். அச்சுப் பலகையில் பேசும் ஒருவர் எதுவும் சொல்லாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். துளி விழுந்து 'டக்' கேட்டதும் "திரும்ப" என்று தொட்டார். மறுபடி மழை பெய்ய வேண்டும் என்பதா, சுழற்சி என்பதா என்று "மழையா?" "எல்லாமுமா?" எனக் கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்குமே தலையசைத்தார். அவருக்கான மதிப்பீட்டில் இன்னும் "தெளிவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை அவருக்குத் தனியாகப் பெட்டியைத் தவறாக வைத்துக் கேட்க வேண்டும்.

அறிவியல் பெயர்களை இதற்கெல்லாம் அப்புறம்தான் சேர்த்தேன். "தண்ணீர் சூடு மேலே போ" என்று அவர்களே சொன்ன வாக்கியத்தின் எதிரில் "ஆவியாதல்" என்ற அட்டை. தேர்வில் அந்தச் சொல் வரும், அதனால் வேண்டும். டேப்லெட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. மைய 24 கட்டங்களை அது தொடுவதில்லை.

அடுத்து வருவது கண் மாணவி கேட்ட நீலம். கறுப்புத் தட்டில் உப்பு நீர் ஊற்றி வெயிலில் வைத்திருக்கிறோம். அடிப் பட்டையில் "மண்" இறங்கி "உப்பு" ஏறியிருக்கிறது. உப்புக்கும் சர்க்கரைக்கும் படம் ஒன்றுபோலவே இருப்பதால், அதையும் நானே வரைய வேண்டியிருக்கிறது.